பெருவிரல் நுனி

பெட்டி மேல் நூறு என்று போட்டிருக்கும்.
எண்ணிப் பார்த்தால் தொண்ணூற்றாறு.
கண்ணாடி மாதிரி உள்ளே இருப்பதைக் காட்டும் கையுறை.
நீலம் வாங்கலாமே என்றேன் ஒருநாள்.
நீலத்துக்கு நாற்பது ரூபாய் கூட, என்றார் வயிரவன்.
முதலாளி சொன்னால் முடிந்தது.

செக்காலை ரோட்டில் எங்கள் மெஸ்.
வருகிறவர்கள் முதலில் விலைப்பலகையைப் பார்ப்பார்கள்,
அப்புறம் எங்கள் கையை.
உறை தெரிந்தால் நிம்மதியாக இலை முன் உட்கார்வார்கள்.
அது கோழி அலசிய உறையா,
சில்லறை வாங்கிய உறையா,
மூக்கில் உட்கார்ந்த ஈயை ஓட்டிய உறையா,
ஒருவரும் கேட்டதில்லை.

வெறுங்கைக்கு ரோஷம் உண்டு.
கொழுப்பு பிசுபிசுத்தால்
குழாய் எங்கே என்று தானே தேடும்.
உறை போட்ட கைக்கு எதுவும் உறைக்காது.
உள்ளே தன் வேர்வையில் தான் வெந்து
வெளியே பளபளவென்று பாவம் செய்யும்.

பரோட்டா அடிக்கும் அடைக்கலம்
காலையில் மாட்டியதை மாலையில்தான் உரிப்பான்.
விரல்கள் ராத்திரி ஊறப்போட்ட உளுந்தாக வெளுத்திருக்கும்.
"கழுவினேனே அக்கா, உறையோடயே கழுவினேன்."
குடை பிடித்துக் குளித்தவன்.

தை மாதம், ஞாயிற்றுக்கிழமை.
கானாடுகாத்தானில் காதுகுத்து, நூற்றைம்பது இலை.
உப்புக்கறிக்கு இருபது கிலோ.
துண்டு போட்டது நான்.
கத்தி ஒருதரம் வழுக்கியது, வலிக்கவில்லை, விட்டுவிட்டேன்.
கறி சட்டியில் இறங்கிய பிறகு பார்க்கிறேன்:
இடது உறையில் பெருவிரல் நுனி இல்லை.

என் விரல் முழுசாக இருந்தது.
போனது ஒரு நகத்தளவு கண்ணாடிக் காகிதம்,
ஒளிந்துகொள்ளவே பிறந்த சாமான்.

சொல்லாமல் இருந்திருக்கலாம்.
அத்தனை மிளகாயில் யார் தேடப்போகிறார்கள்?
கைகழுவுவதற்குத் தண்ணீரே வேண்டாத வழியும் உண்டு.
ஒரு நிமிஷம் நின்றேன்.
பொய். இரண்டு நிமிஷம்.
காது வலித்து அழுது ஓய்ந்த ஒரு பிள்ளை
கவளத்துக்கு வாய் திறப்பது
எதற்கோ கண்முன் வந்தது.

"அடுப்பை அணை."

வயிரவன் கணக்குப் போட்டார், உதடு மட்டும் அசைந்தது.
பதினோரு மணிக்கு வேன்.
திட்டினார்,
என்னை, கத்தியை, உறை விற்ற மதுரைக்காரனை.
பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக்
குழாயடிக்குப் போனார்.
முழங்கை வரை சோப்பு.
விரலிடுக்கு, நகக்கண், மோதிரத்தைச் சுழற்றி அதன் அடி.
கல்லாப்பெட்டிக்கே பழகிய கை
நுரைக்குள் வேறு யாருடையதோ போலிருந்தது.

நாலு பேர், ஆறு தாம்பாளம்.
துண்டு துண்டாகப் பரப்பித் தடவினோம்.
ஒரிசாவிலிருந்து வந்த பிப்லப் செல்போன் வெளிச்சம் பிடித்தான்.
கிடைத்தவை:
ஒரு எலும்புச் சில்லு,
சாக்கு நூல் ஒரு விரற்கடை,
ஒரு முடி. அது என்னுடையது.
கழுவிய வெறுங்கை
கண் விட்டதையெல்லாம் பிடித்துக் கொடுத்தது.
நுனியை மட்டும் கொடுக்கவில்லை.

கறி பின்பக்கக் குழிக்குப் போயிற்று.
"ஆடு சரியில்லைங்க, கோழி அனுப்புறேன்"
என்று போனில் பொய் சொன்னார் வயிரவன்.
அந்தப் பக்கத்துக் கத்தல்
பாத்திரம் தேய்க்கும் இடம் வரை கேட்டது.
அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.

சாயங்காலம் தொட்டியின் சல்லடையைத் தூக்கினேன்.
வெங்காயச் சருகுகளுக்கு நடுவில்
குட்டிக் குல்லா மாதிரி நின்றுகொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை நீலப் பெட்டி வந்தது.
கோழிக்கு ஒன்று, கொத்தமல்லிக்கு ஒன்று;
மாட்டும் முன் ஒரு சோப்பு, உரித்த பின் ஒரு சோப்பு.
அடைக்கலம் முனகுகிறான்,
முனகிக்கொண்டே கழுவுகிறான்.

சல்லடையில் பார்த்ததை
வயிரவனிடம் நான் இன்னும் சொல்லவில்லை.
இருபது கிலோ.